ஆறாவது ஆணி

மதுரையைத் தாண்டினாலே எனக்கு வெளிநாடுதான். மன்னார்குடியில் பிறந்து, அங்கேயே உடற்கல்வி ஆசிரியராக இருந்து, அங்கேயே ஓய்வும் பெற்றவனுக்கு மலை என்பது காலண்டரில் பார்க்கிற சமாச்சாரம். ஆண்டிப்பட்டிக் கணவாயில் பேருந்து வளைந்து இறங்கியதும் இரண்டு பக்கமும் மலை வந்து நின்றுகொண்டது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு முட்டி வலித்தது.

போன காரியம் இதுதான். அனுமந்தன்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த முறை சோறு கிடைக்காது. அங்கே ஒரு வாலிபால் குழு இருக்கிறது. ஆடுகளத்தை ஒட்டி ஒரு கூடம் கட்டி, ஊருக்குப் பெருமை சேர்த்த ஆட்டக்காரர்களின் படங்களைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஐந்து படம் தொங்குகிறது. ஆறாவதாக ஒருவருக்கு மாட்டலாமா கூடாதா என்று வருஷக்கணக்காகச் சண்டை. உள்ளூர்க்காரர் யார் வாயைத் திறந்தாலும், "நீ அவருக்கு மச்சான்டா, அப்படித்தான் பேசுவ" என்று அடக்கிவிடுகிறார்களாம். அதனால் வெளியூர் ஆள் ஒருவர் வந்து சொல்ல வேண்டும். நான் பல வருஷம் அந்தப் பக்கத்துப் போட்டிகளுக்கு நடுவராகப் போய் விசில் ஊதியவன்; அப்போதெல்லாம் பந்தைப் பார்த்தேனே தவிர மலையைப் பார்த்ததில்லை. குழுச் செயலாளர் ஈஸ்வரன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், நீங்க சொன்னா ஊரு கேட்கும் சார்."

என் வீட்டில் என் பேச்சைக் கேட்பவர் எவருமில்லை. கிளம்பிவிட்டேன்.

சின்னமனூருக்கு முன்னால் பேருந்துக்கு டயர் போனது. "எல்லாரும் இறங்கிக் காத்து வாங்குங்க" என்றார் நடத்துநர், தானே ஏற்பாடு செய்த சுற்றுலாபோல. சாலையோரம் ஒரு அம்மாள் கூடையில் பன்னீர் திராட்சை வைத்திருந்தார். இறங்கிய அத்தனை பேரும் வாங்கித் தின்று கொட்டையைத் துப்பிக்கொண்டு நின்றோம். பக்கத்தில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. எங்கள் ஊரில் காவிரியில் தண்ணீர் வந்தால் அதை அமைச்சர் பூத்தூவி வரவேற்பார். இங்கே அதுபாட்டுக்கு ஓடுகிறது, ஏன் என்று கேட்க ஆளில்லை. வயிறெரிந்தது.

ஈஸ்வரனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. அறுபதை நெருங்கும் ஒருவர், ஒட்டிய கன்னம், பெரிய கைகள். என் பையை வாங்கிப் பின்னால் போட்டார்.

"என்னையத் தெரியலையா சார்?"

தெரியவில்லை.

"நீங்கதான் எனக்குப் பேரு வச்சீக" என்றார். சிரிக்கவில்லை.

வண்டி கிளம்பிய பிறகுதான் விளங்கியது. இவர்தான் அந்த ஆறாவது ஆள். பெயர் சுருளிவேல். செட்டர். வாலிபால் தெரியாதவர்களுக்கு: எதிரணி அனுப்பும் பந்தை ஒருவர் எடுத்துக் கொடுப்பார், செட்டர் அதை விரல் நுனியில் தூக்கிவிடுவார், அடிக்கிறவர் எகிறி அடிப்பார். அடி விழுந்ததும் கூட்டம் கத்தும். தூக்கிவிட்டவரை அதற்குள் மறந்திருப்பார்கள். தூக்கும்போது பந்து கையில் இரண்டு தரம் பட்டால் அது 'டபுள்', தப்பு. நடுவர் விசில் ஊதி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார்.

எத்தனையோ வருஷம் முன்பு தேனியில் நடந்த ஓர் இறுதி ஆட்டத்தில், கடைசிப் புள்ளிக்கு, நான் இவரைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கினேன். கோப்பை வேறு ஊருக்குப் போனது. அன்றைக்கு இந்த ஊர்க்காரர்கள் என்னை விரட்டிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் கோபம் என்னிடமிருந்து இவர்மேல் திரும்பியது. அன்றிலிருந்து இவர் 'டபுள் சுருளி.'

"எம் மகனுக்குப் பொண்ணு பாக்கப் போனோம் சார். 'யாரு, டபுள் மகனா?'ன்னு கேட்டாக" என்றார் சுருளி, கியரை மாற்றிக்கொண்டே. "படம் மாட்டினா அந்தப் பேரு போயிரும். எனக்கு அந்தப் படம் வேணும் சார். சும்மா பெருந்தன்மையா வேணாம்னெல்லாம் சொல்ல மாட்டேன்."

எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. பாராட்டு வேண்டாம் என்று நெளிகிறவர்களை நான் நம்புவதில்லை.

கூடத்தில் இறக்கிவிட்டார். ஐந்து பெரிய படங்கள், ஐந்தும் உயரவாக்கில். ஐந்து பேரும் அந்தரத்தில், கை ஓங்கி, சட்டை பறக்க. எல்லாரும் அடிக்கிறவர்கள். ஆறாவதாக ஓர் ஆணி அடித்துத் துருப்பிடித்துக் கிடந்தது. அதில் வலையைக் கட்டும் கயிற்றை மாட்டி வைத்திருந்தார்கள்.

"நான் அங்கனதான் இருக்கேன் சார்" என்றார் சுருளி, படங்களைக் காட்டி. "அஞ்சுலயும் இருக்கேன். மடிச்சு வச்சிருக்காக."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். உத்தமபாளையத்தில் ரபீக் பாய் என்பவர்தான் படத்துக்குச் சட்டம் போட்டவர். படங்கள் அகலவாக்கில் இருந்தன. ஓரத்தில் தூக்கிவிட்ட கையோடு சுருளியும் இருந்தார். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அந்தப் பக்கத்தைப் பின்னால் மடித்துவிட்டார்கள். கடையிலிருந்து ஐந்து படத்தையும் ஜீப்பில் ஏற்றி வந்து ஏணி போட்டு மாட்டியதும் சுருளிதான்.

இரவுச் சாப்பாடு ஈஸ்வரன் வீட்டில். திராட்சை வியாபாரி, நல்ல மனிதர். புரோட்டாவும் மட்டன் சுக்காவும் வாங்கி வைத்து, என் இலையில் இடம் தெரியாமல் பார்த்துக்கொண்டார். காப்பி கேட்டேன். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ வந்தது. இந்த வட்டாரத்தில் காப்பி கேட்பது நம் தவறு.

மறுநாள் விடிவதற்குள் சுருளி வந்துவிட்டார். அவருடைய ஜீப், கம்பம்மெட்டு வழியாகக் கேரள ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்களை வேலைக்கு ஏற்றிப் போகும் ஜீப். சும்மா இருப்பதற்குப் பதில் மலையைப் பார்த்து வரலாமே என்று ஏறிக்கொண்டேன். முன் சீட்டில் நான், என் மடியில் யாருடையதோ தூக்குவாளி, பின்னால் எத்தனை பேர் என்று எண்ணக் கூடாது. ஒவ்வொரு வளைவிலும் வாளி என் நெஞ்சில் இடித்தது.

"டபுளண்ணே, மெதுவாப் போங்க! பெரியவரு முகம் வெளிறிப்போச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவருக்கு வெளிறல ஆத்தா, தஞ்சாவூர் பக்கத்துக்காரக, மலையைப் பாத்ததில்ல" என்றார் சுருளி.

எல்லாரும் சிரித்தார்கள். கேலியே இல்லை, பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள். அதுதான் கொடுமை. ஒவ்வொரு 'டபுளண்ணே'வுக்கும் ஸ்டீயரிங்கைப் பிடித்த அந்தக் கை ஒருமுறை இறுகித் தளர்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் புட்டும் கடலையும் தின்றோம். புட்டு நெஞ்சை அடைத்தது. கடைக்காரர் மலையாளி. டீயை நீட்டிக்கொண்டே, "டபிள் சேட்டா, இன்னு லேட் ஆணல்லோ" என்றார், இன்றைக்குத் தாமதமாயிற்றே என்று. ஒரு மனிதனின் தப்பு மாநில எல்லையைத் தாண்டிப் போயிருக்கிறது. சோதனைச் சாவடியில்கூட அதை யாரும் தடுக்கவில்லை.

இறங்கும்போது வண்டியில் நாங்கள் இருவர்தான். கேட்டேவிட்டேன்.

"அன்றைக்கு அது டபுள் இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என எதிர்பார்க்கிறீர்களா?"

ஜீப்பை ஓரம் கட்டினார். கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தென்னையும் திராட்சைப் பந்தலுமாகக் கிடந்தது.

"டபுள்தான் சார். என் கைக்குத் தெரியாதா? வலது கை விரல்ல பட்டு எடது கையில பட்டுச்சு. நீங்க ஊதலைன்னாத்தான் நான் உங்களை மதிச்சிருக்க மாட்டேன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "ஆனா அதுக்கு முன்ன தூக்கின பந்தையெல்லாம் யாரு சார் ஊதுறது?"

ஜீப்பை மறுபடி கிளப்பினார்.

அன்று மாலை கூடத்தில் கூட்டம். ஊர் வழக்கப்படி, சுவரில் படமாக இருப்பவர்கள் சம்மதித்தால்தான் புதிய படம் ஏறும். ஐவரில் இருவர் காலமாகிவிட்டார்கள். இருவர் திருப்பூரில் குடியேறி, "துரை என்ன சொல்றாரோ அதுதான்" என்று கை கழுவிவிட்டார்கள். மிச்சம் துரைப்பாண்டி. விளையாட்டில் கிடைத்த அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கடைசிப் பந்து அவர் அடிப்பதற்காகத் தூக்கப்பட்ட பந்து. அந்த ஆத்திரம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு அது டபுளா, இல்லையா?" என்று எழுந்ததும் கேட்டார்.

"டபுள்தான்" என்றேன்.

கூடமே சலசலத்தது. சுருளியின் பக்கத்து ஆட்கள் என்னை முறைத்தார்கள். அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு விரட்டி வந்த முகங்கள் சில அதில் இருந்தன.

"அம்புட்டுத்தான். கப்பு போனது அந்தக் கையால. ஒரு கப்பு வாங்கித் தராதவருக்கு எதுக்குப் படம்?"

"நீங்கள் எல்லாரும் அடித்த பந்தை யார் தூக்கியது?" என்று கேட்டேன்.

"தூக்கிக் குடுக்குறதுக்கெல்லாம் படம் மாட்டணும்னா, கல்யாணத்துல பந்தி பரிமாறினவருக்கும் மாலை போடணும் சார்!"

நல்ல சிரிப்பு எழுந்தது. பக்கத்துப் பொட்டிப்புரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ துகளைப் பிடிக்க மலையைக் குடைவதாக ஒரு பேச்சு உண்டு. அதுகூட நடக்கலாம். கண்ணெதிரே நிற்கும் செட்டரை இந்த ஜனங்களின் கண்ணில் காட்டுவது நடக்காது என்று எனக்குத் தோன்றியது.

இந்த வட்டாரத்தில் ஒரு பழக்கம். ஆட்டம் நடக்கும்போது யாராவது மைக்கைப் பிடித்து, "அடுத்த அடிக்கு ஒரு எவர்சில்வர் குடம்" என்று அறிவிப்பார்கள். அடித்தவர் குடத்தை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். துரைப்பாண்டி வீட்டில் பரண் கொள்ளாத குடங்கள் உண்டு என்று ஈஸ்வரன் பெருமையாகச் சொல்லியிருந்தார். ஒரு தூக்கலுக்குக் குடம் கொடுத்ததாக வரலாறே கிடையாது. சுருளி வீட்டில் பிளாஸ்டிக் குடம்தான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆசிரியராக இருந்தபோது வந்த அதே கோபம்.

"துரைப்பாண்டி படத்தை இறக்குங்கள்" என்றேன்.

"என்னது?"

"இறக்குங்கள். ரபீக் பாய் இருக்கிறாரா?"

இருந்தார். பின்வரிசையில், அந்த வாரம் ஊரில் நடந்துகொண்டிருந்த வாலிபால் போட்டிக்குக் கோப்பை வழங்குகிறவராக. தயங்கித் தயங்கி வந்தார். படத்தை மேசையில் கவிழ்த்துப் போட்டு, ஆணிகளை நெம்பி, பின்னட்டையை எடுத்தார். மடிந்திருந்த பகுதியை நீவி விரித்தார்.

"வெட்ட மனசு வரலீங்க. அதான் மடிச்சேன்" என்றார், யாரும் கேட்காமலே.

படத்தின் ஓரத்தில் சுருளி இருந்தார். பந்தைத் துரத்திப்போய் விழுந்திருக்கிறார் போல. ஒரு முட்டி தரையில், இரண்டு கையும் மேலே, விரல்கள் விரிந்து. முகம் அண்ணாந்து துரைப்பாண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் அத்தனை கண்ணும் பந்தைப் பார்க்க, இந்த ஒரு முகம் மட்டும் அடிக்கப் போகிறவரைப் பார்த்தது.

துரைப்பாண்டி ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். முட்டியில் விரலை வைத்தார்.

"ரத்தம் வருதுல்ல" என்றார்.

"அன்னைக்குத் தையல் போட்டாக" என்றார் சுருளி, வாசலில் நின்றபடி.

"சொல்லவே இல்லையேடா."

"நீ குடம் வாங்கப் போயிட்ட."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. துரைப்பாண்டி நிமிர்ந்தார். "மாட்டுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அன்றிரவு டீகூடக் காப்பி மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் போட்டியின் இறுதி ஆட்டம். ரபீக் பாய் ஒரே பகலில் வேலையை முடித்திருந்தார். மடிந்த பகுதியில் இருந்த சுருளியைத் தனியாகப் பெரிதாக்கி, மற்ற ஐந்துக்கும் சமமான சட்டத்தில் போட்டிருந்தார். கயிற்றை எடுத்துவிட்டு ஆறாவது ஆணியில் மாட்டி, பச்சைத் துணியால் மூடி வைத்தார்கள். சுருளி வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். மனைவியும் மகனும் கூட வந்திருந்தார்கள். மகன் சலூனுக்குப் போய்வந்த வாசனை அடித்தது.

துணியைத் துரைப்பாண்டியே விலக்கினார். கைதட்டல், விசில், வேட்டுச் சத்தம். படம் பிரமாதமாக இருந்தது. அதன் கீழே பளபளவென்று ஒரு பெயர்ப்பலகை, மஞ்சள் எழுத்தில்:

டபுள் சுருளி, செட்டர்.

நான் சுருளியைப் பார்த்தேன். அவர் பலகையைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். அதற்குள் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது.

ஈஸ்வரனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "என்னய்யா செய்து வைத்திருக்கிறீர்கள்?"

"ஏன் சார், எழுத்து தப்பா?" பாவம், உண்மையாகவே பதறினார்.

"அந்தப் பெயர் போக வேண்டும் என்றுதானே அந்த மனிதர் இத்தனை நாள் காத்திருந்தார்!"

"சுருளின்னு மட்டும் போட்டா எந்தச் சுருளின்னு கேப்பாகல்ல சார்? ஊருல பாதிப் பேரு சுருளி. பால்காரச் சுருளி இருக்காக, மேட்டுத்தெருச் சுருளி இருக்காக..."

"முழுப்பெயர் போடலாமே. சுருளிவேல்."

"சுருளிவேலு அதவிட அதிகம் சார். கல்யாணப் பத்திரிகைக்கே பட்டப்பேரு போட்டாத்தான் இங்கன ஆளு தெரியும். நாங்க மரியாதையாத்தான் சார் போட்டோம்."

மரியாதையாகத்தான் போட்டிருந்தார்கள். அதில் சந்தேகமே இல்லை. யாரைத் திட்டுவது? நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கௌரவிக்கப்பட்டவர் முதல் பந்தைத் தொட்டு ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது அங்கே வழக்கம். மாலையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சுருளி களத்தில் இறங்கினார். வலையோரம் துரைப்பாண்டி, தொந்தியும் தானுமாக. யாரோ பந்தை எறிந்தார்கள். சுருளி தூக்கினார்.

என் காலத்தில் எத்தனையோ செட்டர்களைப் பார்த்தாயிற்று. அப்படி ஒரு தூக்கலைப் பார்த்ததில்லை. பந்து அவர் விரலில் பட்ட சத்தமே கேட்கவில்லை. சுழலாமல் மேலே போய், அந்தத் தொந்திக்கு எவ்வளவு எகிற முடியுமோ சரியாக அந்த உயரத்தில் நின்றது. துரைப்பாண்டி அடித்தார். பந்து எதிர்ப்பக்கம் பட்டென்று விழுந்தது.

மைக் அலறியது: "துரையண்ணன் அடிச்ச அடிக்கு ஒரு எவர்சில்வர் குடம்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. துரைப்பாண்டி குடத்தை வாங்கிப் பழக்கதோஷத்தில் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். சுருளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தைவிட்டு வெளியே வந்தார்.

நாலாம் நாள் காலையில் என்னைத் தேனியில் விடச் சுருளியே வந்தார். முன் சீட்டில் ஒரு செய்தித்தாள் பொட்டலம் இருந்தது. எடுத்து ஓரமாக வைத்தேன். கனமாக இருந்தது. தாள் கிழிந்த இடத்தில் மஞ்சள் எழுத்து தெரிந்தது.

"கழட்டிட்டேன் சார்" என்றார். "விடியும்போது போயி. படத்தைத் தொடல. படம் நல்லாத்தானே இருக்கு."

"கேட்டால்?"

"யாரு கேக்கப் போறா?"

உத்தமபாளையம் தாண்டினோம். பிறகு, தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிற குரலில் சொன்னார்.

"பேரில்லாம இருந்தா நல்லதுதான் சார். வெளியூர்க்காரக யாராச்சும் வந்து, 'யாருப்பா இது, இம்புட்டு அழகாத் தூக்குறாரு'ன்னு கேப்பாக. நம்ம பயலுக 'சுருளி'ன்னு சொல்லுவாகல்ல?"

"சொல்லுவார்கள்" என்றேன்.

வெளியூர்க்காரர் அத்தோடு விட்டுவிடுவார். பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரர் எந்தச் சுருளி என்று கேட்பார். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.